நீ இறங்கிய வளைவு

என் ஆசை மச்சான் வேலுவுக்கு,

நீ கண் மூடி ஒரு வருசம் ஆகப் போகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்தவனுக்கு எதற்குக் கடிதம்? சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய். இப்போதும் சில நேரம் மறந்துபோய்த் தட்டிவிடுகிறேன். "என்னண்ணே?" என்று என் தங்கச்சி பொன்னம்மாவின் குரல்தான் கேட்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

இதைத் திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நம்ப மாட்டாய். துரைமார் தங்குகிற கடலோரத்து வாடிவீட்டுக்குப் பின்னால், சமையல்கட்டை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். துரை கடலில் குளிக்கப் போயிருக்கிறார். வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அவருடைய காலுறையைக் கொடியில் காயப் போட்டாயிற்று. ஆமாம் மச்சான், அதே துரை, அதே மோட்டார் சைக்கிள். உன் இடத்தில் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

நீ முதலில் சிரிப்பாய் என்று தெரியும். ஸ்டோரில் தேயிலை அரைக்கும் மெசினைத் தவிர வேறு எதையும் தொடப் பயப்படுகிறவன் நான். "கருப்பையாவுக்குச் சைக்கிள்ல ஏறுனாலே தல சுத்தும்" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ. சிரித்து முடித்த பிறகு என்ன செய்வாய்? அதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த வண்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். சீமையிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் நானுஓயாவுக்கு ஏறி, தோட்டத்து லொறியில் பெரிய பலகைப் பெட்டியாக ஸ்டோர் வாசலில் இறங்கியது. பெட்டியின் ஆணிகளைப் பிடுங்க உன்னைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டோர் என்ஜினைத் தட்டிக் கொடுத்தே ஓட வைக்கிறவன் நீதானே. எண்ணெய்க் கடுதாசியை நீ உரிக்க உரிக்க, கறுப்பு டாங்கியும் அதில் ஓடிய தங்கக் கோடும் வெளியே வந்தன. அகலமான தோல் சீட்டு, இரண்டு பக்கமும் தோல் பைகள், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த சைலன்சர். சாமி புறப்பாட்டுக்கு நிற்கிற மாதிரி நாங்கள் சுற்றி நின்றோம். கிளாக்கர் ஐயா மட்டும் கிட்டே போய், "இது ஊரு சுத்துறதுக்குன்னே செஞ்ச வண்டி. நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காதாம்" என்று சொன்னார். அவருடைய இடுப்பா ஓட்டப் போகிறது என்று நீ என் காதில் முணுமுணுத்தாய்.

துரைக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. மற்றத் துரைமார் மாதிரி லீவு கிடைத்ததும் கொழும்புக்குக் காரில் போய்க் குடித்துவிட்டு வருகிற ஆளும் இல்லை. மோட்டார் சைக்கிளில் இலங்கை முழுக்கச் சுற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வழியில் டயர் போனால் ஒட்ட, பிளக் அடைத்தால் கழுவ, தேத்தண்ணி வைக்க, பின் சீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாகிப் போனாய்.

முதல் பயணம் போய் வந்து நீ அடித்த கூத்து இருக்கிறதே. முகமெல்லாம் செம்மண், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. குளிக்கக்கூடப் போகாமல் காம்பரா வாசலில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டாய். தம்புள்ளை தாண்டினால் ரோடு வளையவே வளையாதாம், நூல் பிடித்த மாதிரி போகுமாம். துரைக்குக் கை மரத்துப்போய், "வேலு, நீ ஓட்டுறது" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டாராம். துரையைப் பின்னால் வைத்து நீ ஓட்டினாயாம். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தே போய்விட்டார். நானும் நம்பவில்லை. பொன்னம்மா ஒருத்திதான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடல் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எப்படின்னு சொல்றது புள்ள. நம்ம ஊர்ல எங்க பாத்தாலும் ஒரு மலை வந்து மறிக்கும்ல? அங்க மறிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றாய். அடுத்த தடவை அவளையும் கூட்டிப்போய்க் காட்டுவதாகவும் சொன்னாய். எதில் கூட்டிப் போவாய் என்று நான் கேட்டதற்கு, உனக்கு எதற்கு அது என்று என் மேல் பாய்ந்தாய்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வண்டியை ஸ்டோர் தண்ணிப் பீலியில் கழுவிவிட்டு, பங்களாவுக்குக் கொண்டுபோனாய். பங்களா வாசல் வளைவு வந்ததும் இறங்கி, சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் கால் வரைக்கும் விட்டு, அந்தப் பெரிய இரும்பை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனாய். பின்னே? துரை பங்களாவுக்கு முன்னால் நம்முடைய ஆட்கள் எதில் ஏறிக்கொண்டு போயிருக்கிறார்கள்? குடை பிடித்தால் மடக்க வேண்டும், சைக்கிள் என்றால் இறங்கித் தள்ள வேண்டும், எதிரில் துரைத் தொப்பி வந்தால் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி வழிவிட வேண்டும். நடக்கப் பழகும்போதே பழகியது. அப்பன் ஒதுங்கினான், நாமும் ஒதுங்கினோம்.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பொன்னம்மா மேலே மலையிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து, "தொரையவே பின்னால வச்சு ஓட்டினாராம். இங்க என்னடான்னா மாடு மாதிரி இழுத்துக்கிட்டுப் போறாரு" என்றாள். நீ சிரித்து மழுப்பினாய். அவள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் உனக்கே ஏன் சொல்கிறேன்? உன்னைப் பற்றித் தோட்டத்தில் இப்போது வேறு கதை ஓடுகிறது, அதனால்தான். தனியாக வண்டி கைக்கு வந்ததும் வேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை, இறம்பொடை வளைவில் பறந்து வந்து பள்ளத்தில் விழுந்தான் என்கிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வைத்தே அப்படிச் சொன்னார். ஆசை யாரை விட்டது என்று நம்முடைய ஆட்களும் தலையாட்டுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது மச்சான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குப் பயணம் முடிந்து கண்டி வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும்தான் வந்தீர்கள். துரைக்குக் கண்டியில் ஏதோ கூட்டம். வண்டியை நீ தோட்டத்துக்குக் கொண்டுபோ என்று உன்னிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவு தூரம் நீ தனியாக அதில் ஏறி வந்தது அன்றுதான். புசல்லாவை தாண்டி மழை பிடித்திருக்கிறது. உனக்குப் பின்னால் மரக்கறி லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சிங்கள லொறிக்காரர் சுமனபாலதான் உன்னைத் தூக்கி ஏற்றியவர். ஆஸ்பத்திரி போகிறவரைக்கும் உன் தலையைத் தன் ஆளின் மடியில் வைத்திருக்கச் சொன்னாராம். நீ வழியிலேயே போய்விட்டாய்.

அந்த மனுசர் உன் கருமாதிக்கு ஒரு மூட்டை முட்டைக்கோவா கொண்டுவந்து இறக்கினார். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் பின்னால வந்தது. ஒங்க ஆள் நல்லா போனது, வேகம் இல்ல. முன்னால ஜீப் வந்தது, வெள்ளைத் தொர மாத்தயா ஒராள், தொப்பி. ஒங்க ஆள் ஜீப் கண்டது, ஒடனே நிப்பாட்டினது, எறங்கினது. வண்டியப் பள்ளம் பக்கம் தள்ளினது. மண் வழுக்கினது, வண்டி சாஞ்சது, அவனையும் இழுத்தது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "விழுந்ததில்ல தம்பி. எறங்கினது. ஏன் எறங்கினது?" என்று கேட்டார்.

"ஜீப் நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. அது வளைவு தாண்டிப் போனது."

ஏன் இறங்கினாய் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? அவர் ஊரில் அவர் யாருக்கும் இறங்கியதில்லை. துரை பின்னால் இருந்தவரைக்கும் உனக்கும் இறங்க வேண்டிய வேலை வரவில்லை. தனியாக வந்த அன்றைக்கு எதிரில் தொப்பி வந்தது, உன் கால் தானாகத் தரையைத் தேடியது. அது பங்களா வாசல் இல்லை, கவர்மெண்டு ரோடு, அந்தத் துரை நம்முடைய துரையும் இல்லை. அதெல்லாம் யோசிக்க உனக்கு நேரம் எங்கே இருந்தது? கான் இருக்கும் என்று நினைத்து ஒதுங்கியிருப்பாய். அங்கே கான் இல்லை, பள்ளம்தான் இருந்தது.

நாங்கள் பேசியதைப் பொன்னம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

வேறு சேதியும் உண்டு. பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதற்காக நீயும் அவளும் சேர்ந்து கொடுக்க வேண்டி வந்த பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. இல்லையாம். நீ இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தாய் என்பதற்குப் போதிய அத்தாட்சி இல்லையாம். நாடு முழுக்கச் சக்கரத் தடம் பதித்தவனுக்கு இந்தப் பதில். இப்போது நீ எங்கேயும் போகாமல் நம்முடைய மயானத்து மேட்டிலேயே தொடர்ந்து இருக்கிறாய். அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார்களா என்று எழுதிக் கேட்கலாம் போலிருந்தது. கிளாக்கர் ஐயா, வேண்டாம், வம்பு என்றார்.

உன் மகள் செல்லத்துக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். அழவே இல்லை. காது குத்திய தட்டானைப் பார்த்து முறைத்தாள். உன் முறைப்பு.

வண்டி மட்டும் பிழைத்துக்கொண்டது. பள்ளத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கி, கொழும்புக்கு அனுப்பி, புதுசாகப் பெயின்ட் அடித்து வந்துவிட்டது. கோடு கூடத் தங்கமாகவே இருக்கிறது. ஒரு சிராய்ப்பாவது மிச்சம் இருக்குமா என்று நான் தேடிப் பார்த்தேன், இல்லை.

போன மாசம் துரை என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். வாசல் படிக்குக் கீழே நின்றேன்.

"கருப்பையா, வேலுக்கு நீ மச்சான்தானே? மெசின் வேலை தெரியும். இந்தத் தரம் நீ வாறது" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க தொரை."

"நான் பழக்குறது."

அவ்வளவுதான். அவர் கெட்ட மனுசர் இல்லை. உன் சாவுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லயத்து வாசலில் நின்றவர். ஆனால் மாட்டேன் என்று சொல்ல என்னிடம் வாய் இருக்கிறதா? சொன்னால் ஸ்டோரிலிருந்து எடுத்துச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போடுவார்கள். முரண்டு பிடித்தால் பேரை வெட்டிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேலை போனால் காம்பராவும் போகும். பொன்னம்மா இருக்கிற காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கேட்டார்கள், நான் கண்டாக்கு ஐயாவிடம் நடையாய் நடந்துதான் அவளை அங்கே வைத்திருக்கிறேன். நான் வெளியே போனால் அவளும் பிள்ளையும் எங்கே போவார்கள்? எந்தத் தோட்டம் எங்களைச் சேர்க்கும்? இந்தியாவா? அங்கே நமக்கு யாரைத் தெரியும்? "ஆகட்டுங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னைக் கொன்ற வண்டியில் ஏறிப் பழகினேன் மச்சான். துரைமார் பந்து விளையாடும் மைதானத்தில் என்னைச் சுற்ற வைத்தார். முதல் நாள் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு, சொன்னால் கோபிக்காதே, பிடித்துப்போய்விட்டது. தொடைக்கு நடுவில் அந்த என்ஜின் உறுமாமல் மெதுவாக முனகுகிறதே, கையைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்று காத்திருக்கிறதே, அது எனக்கும் பிடித்தது. பிடித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

துரை முதலில் ரயிலில் கண்டிக்குப் போய்விடுவார், நான் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கிருந்து பயணம் என்று ஏற்பாடு. கண்டிக்குப் போகும் வழியில்தான் இறம்பொடை. எனக்குப் பயம் பிடித்தது. பயம் பள்ளத்தை நினைத்து இல்லை. எதிரில் தொப்பி வந்தால் என் கால் என்ன செய்யும் என்பதுதான் பயம். அது என் பேச்சைக் கேட்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதைப் பொன்னம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"நானும் வாறேன்" என்றாள்.

"எங்க?"

"அந்த எடத்த நான் பாக்கணும்."

"பாத்து என்ன செய்யப் போற?"

"பாக்கணும்ணே."

உன் பெண்சாதியைப் பற்றி உனக்குத் தெரியாதா? வயிற்றுவலிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி லீவு வாங்கிவிட்டாள். பிள்ளையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பங்களா வாசல் வளைவு வந்தது. துரை கண்டியில் இருக்கிறார். வாசலில் சமையல்கார அப்பு மட்டும் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? இறங்கினேன். ஆளில்லாத பங்களாவுக்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அப்பு தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், அவருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்த மேட்டைத் தாண்டி ஏறி உட்கார்ந்தபோது என் காலைக் குனிந்து பார்த்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் இறம்பொடைக்குப் போக வேண்டும்.

நுவரெலியாவில் ஏரிக்கரை ஓரமாகப் பொன்னம்மா நின்றாள். உன் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். கையில் ஒரு போத்தல். பின் சீட்டில் பக்கவாட்டாக ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்துக்காரி ஒருத்தி துரையின் மோட்டார் சைக்கிளில் போவதை அந்த டவுன் இதுவரை கண்டதில்லை. லபுக்கலை ஏற்றம் ஏறும்போது காதோரம், "இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். உன்னோடு போயிருக்க வேண்டியவள்.

பிறகு இறக்கம். மழை இல்லை, ஆனால் ரோடு நனைந்தே கிடந்தது. அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவள் என் தோளுக்கு மேலாக ரோட்டை எட்டிப் பார்த்தாள். சுமனபால சொன்ன அடையாளம் எனக்குத் தெரியும், மைல்கல், அதை அடுத்து உடைந்த மதகு. மைல்கல்லைத் தாண்டினோம். வளைவுக்குள் நுழைகிறேன், கீழேயிருந்து ஜீப் சத்தம். சாமி சத்தியமாக, நான் கற்பனை பண்ணவில்லை. தோட்டத்து ஜீப்புகள் நாளைக்கு எத்தனையோ தரம் போகிற ரோடுதான், வராமல் இருந்தால்தான் அதிசயம். கண்ணாடிக்குப் பின்னால் காக்கித் தொப்பி.

என் கை வேகத்தைக் குறைத்தது. இடது கால் கழன்று தரையைத் தேடியது. நான் சொல்லவில்லை மச்சான், அதுவே போனது. வண்டி ரோட்டோரமாக ஒதுங்கத் தொடங்கிவிட்டது. உனக்கு எப்படி நடந்திருக்கும் என்று அந்த நொடியில் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

தோளில் இருந்த கை இறுகியது. நகம் சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

"எறங்காதண்ணே" என்றாள் பொன்னம்மா. கத்தவில்லை. செல்லத்தைத் தூங்க வைக்கும்போது பேசுகிற குரல். "எறங்காத. போ. அவுங்க ரோடு இல்ல இது. போ."

கால் மேலே ஏறியது. கையைத் திருப்பினேன். ஜீப் எங்களை உரசுகிற மாதிரி கடந்து மேலே போனது.

வளைவைத் தாண்டி, அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். இரண்டு பேரும் நடந்து திரும்பி வந்து மதகு ஓரம் நின்றோம். கீழே தேயிலையும் பாறையும் தெரிந்தன. நீ கிடந்த இடம் எது என்று தெரியவில்லை, புல் முளைத்து மூடிவிட்டது. அவள் போத்தலைத் திறந்து, உனக்குப் பிடித்த மாதிரி சீனி கொட்டிப் போட்ட தேத்தண்ணியை ஓரத்தில் ஊற்றினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தத் தொரை நம்மளப் பாத்தாரா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆள் சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டு, டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். "இல்ல, திரும்பிக்கூடப் பாக்கல" என்றேன்.

"அன்னைக்குப் போனவரும் பாத்திருக்க மாட்டாருல்ல?"

அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்திருக்கும், நீதான் கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தவன். பார்த்தாரா மச்சான்?

அவளை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கண்டிக்குப் போனேன். தோட்டத்தில் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்களோ என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மற்றபடி பயணம் நடக்கிறது. ஆனால் நீ அளந்த கதையில் பாதியை இப்போது கழித்துவிட்டேன். பின் சீட்டில் உட்கார்ந்தால் என்னடா தெரிகிறது? துரையின் முதுகு தெரிகிறது. தம்புள்ளையில் அவர் முதுகு, ஹபரணையில் அவர் முதுகு, வியர்த்தால் காக்கியில் ஒரு திட்டு. தலையை இந்தப் பக்கம் நீட்டினால் கொஞ்சம் காடு, அந்தப் பக்கம் நீட்டினால் கொஞ்சம் குளம். இதை வைத்துக்கொண்டா எங்களுக்கு அத்தனை ஊரையும் காட்டினாய்? பொன்னம்மா கேட்கிறாள் என்பதற்காகவே இட்டுக்கட்டினாயா? அப்படியென்றால் நீ பெரிய ஆள்தான்.

ஒன்று மட்டும் பொய் இல்லை. நேற்று அந்த நேர் ரோட்டில் துரை நிறுத்தி, கையை உதறிவிட்டு, என்னை ஓட்டச் சொன்னார். அவரைப் பின்னால் வைத்து ஓட்டினேன். கங்காணி துப்பினது தப்பு.

மர நிழலில் நிறுத்தியபோது துரையே ஆரம்பித்தார். "வேலு நல்லா ஓட்டுறது. அங்க ஏன் நிப்பாட்டினது? எனக்கு விளங்கவே இல்ல" என்றார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். முகத்தில் தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், நான் எப்போது இறங்கச் சொன்னேன் என்று கேட்பார். அதுவும் உண்மைதானே? அவர் சொன்னதே இல்லை. அவருக்கு முன்னால் இருந்த எந்தத் துரையோ சொன்னது, அவன் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை. "தெரியலீங்க தொரை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

இங்கே வாடிவீட்டுக் காவல்காரர் நல்ல மனுசர். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். நுவரெலியாப் பக்கம், தோட்டம் என்றேன். "அது தோட்டம். நான் ஊரைக் கேட்டன்" என்றார். உன்னையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். நீ என்ன பதில் சொன்னாய் என்று எங்களுக்குச் சொன்னதே இல்லை.

கடலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, மறிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் எனக்கு அங்கே நிற்கப் பயமாக இருந்தது. எதிரில் ஒன்றும் வராதபோதும் நான் மணலில் ஓரமாகத்தான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எனக்கே தெரிந்தது.

துரை வரும் நேரம் ஆகிவிட்டது. முடிக்கிறேன். பயணம் முடிந்ததும் அவர் கண்டியில் தங்கிவிடுவாராம், வண்டியை நான் தனியாகக் கொண்டுபோக வேண்டுமாம். உனக்கு நடந்த அதே ஏற்பாடு. பின்னால் பொன்னம்மாவின் கை இருக்காது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பங்களா வாசலில் இறங்குவேன். இறங்கித்தான் தள்ளுவேன். நம்முடைய காம்பராவும், பொன்னம்மாவும், செல்லமும் அந்த வாசலைத் தாண்டித்தான் இருக்கிறார்கள். அங்கே இறங்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இறம்பொடையில் எந்தத் தொப்பி வந்தாலும் சரி, நான் இறங்க மாட்டேன். இது உன் மகள் காதில் போட்ட தோட்டின் மேல் சத்தியம். உட்கார்ந்தபடியே உன் வளைவைத் தாண்டுவேன். தாண்டும்போது உனக்கு ஒரு ஹாரன் அடிப்பேன்.

சத்தம் கேட்டதும் ஒதுங்கி நின்றுவிடாதே மச்சான். வருவது நான்தான்.

உன் பொன்னம்மாவுக்கு அண்ணன், உன் செல்லத்துக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்
கருப்பையா